கடலோரக் கோட்டையில் ஒரு நிகாஹ்: சுமை யார் தோளில்?

 

 

நமது பிள்ளைகளின் நிகாஹ் பற்றிப் பேசும்போது முன்பு மாப்பிள்ளை யார், பெண் யார், மஹர் எவ்வளவு என்று கேட்பார்கள். இன்று முதல் கேள்வி, “எந்த இடம்?” என்பதாக மாறிவிட்டது. அதிலும் கடலைப் பார்த்த பழைய கட்டடம், கோட்டை, ஒல்லாந்தர் காலத்து வீடு என்றால் ஆசை இரட்டிப்பாகிறது. நம் நாட்டில் அந்த ஆசை பெரும்பாலும் போய் நிற்கும் இடம் காலிக் கோட்டை. எனவே இன்று அந்த இடத்தையே உதாரணமாக வைத்துக்கொண்டு, இப்படி ஒரு திருமணத்தை ஒரு முஸ்லிம் குடும்பம் எப்படித் திட்டமிட வேண்டும் என்று பார்ப்போம். இதை வாசிக்கும் நீங்கள் வேறு ஊரில் இருந்தாலும் கேள்விகள் இவையேதான்.

இப்படி ஒரு இடத்தில் திருமணம் செய்யலாமா?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். அழகான இடத்தில் வலீமா வைப்பது பாவமல்ல. கடற்கரையில் விருந்து கொடுப்பதும் தவறல்ல. நிகாஹ் பகிரங்கமாக நடக்க வேண்டும், மகிழ்ச்சி வெளியே தெரிய வேண்டும் என்பது மார்க்கம் விரும்பும் விஷயம். அன்ஸாரிகள் வீட்டுத் திருமணம் ஒன்றில், அவர்களுக்குப் பிடித்தமான பாட்டு ஏதும் இருக்கவில்லையா என்று நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரழி) அவர்களிடம் விசாரித்ததாக புகாரியில் இருக்கிறது. மகிழ்ச்சியை அடக்க வந்த மார்க்கமல்ல இது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நபி (ஸல்) அவர்களுக்கும் ஸஃபிய்யா (ரழி) அவர்களுக்கும் நடந்த வலீமா மண்டபத்தில் நடக்கவில்லை. கைபருக்கும் மதீனாவுக்கும் இடையில், பயணத்தின் நடுவில், திறந்த வெளியில் நடந்தது. அந்த விருந்தில் ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. தோல் விரிப்புகளை விரித்து, அதில் பேரீச்சம்பழமும் பாலாடைக்கட்டியும் நெய்யும் வைக்கப்பட்டன என்று அனஸ் (ரழி) அறிவிக்கிறார்கள். வானத்தின் கீழே வலீமா வைப்பதற்கு இதைவிட முன்மாதிரி வேண்டுமா? ஆனால் அந்த வலீமாவுக்காக ஒருவரும் கடன்படவில்லை. ஒருவரும் புறக்கணிக்கப்படவில்லை. ஒரு தொழுகையும் தவறவில்லை.

ஆகவே, “ஹலாலா ஹராமா?” என்பதோடு கேள்வி முடிந்துவிடுவதில்லை. “இந்த இடத்தை நான் தேர்ந்தெடுப்பதால் சுமை யார் தோளில் விழுகிறது?” என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி. இன்றைய பாடம் முழுவதும் இந்த ஒரே கேள்வியைச் சுற்றித்தான்.

அந்த மதில்கள் சொல்லும் பாடம்

காலியில் முதலில் கோட்டை கட்டியவர்கள் போர்த்துக்கேயர். 1640இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். கருங்கல்லும் பவளக்கல்லும் சேர்த்து இன்று நாம் காணும் பெரும் மதில்களை எழுப்பினார்கள். 1796இல் அது பிரித்தானியர் கைக்குப் போனது. 1988இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

கட்டியவர்கள் எங்கே? என்றென்றும் ஆள்வோம் என்று எண்ணியவர்கள் எங்கே? ஸூரதுத் துகானில் பிர்அவ்னின் கூட்டத்தாரைப் பற்றி அல்லாஹ் சொல்கிறான்: எத்தனையோ தோட்டங்களையும் நீரூற்றுகளையும் உயர்ந்த இடங்களையும் அவர்கள் விட்டுவிட்டுப் போனார்கள், வேறொரு சமூகம் அவற்றுக்கு வாரிசானது என்ற கருத்தில். இத்தகைய மதிலுக்குப் பக்கத்தில் நின்று பெருமைக்காக ஒரு விருந்து வைப்பதென்றால், அந்த மதில் சொல்வது நம் காதில் விழவில்லை என்றுதான் அர்த்தம்.

கடலும் ஒரு பாடம் வைத்திருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை வந்த சுனாமியில் இந்நாட்டில் 30,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். காலியில் கோட்டைக்கு வெளியே பஸ் நிலையம், கடைத்தெரு, கிரிக்கெட் மைதானம் எல்லாவற்றையும் அலை அடித்துப் போனது. கோட்டையின் உள்ளே இருந்தவர்களை அந்தப் பழைய மதில்களே பெருமளவுக்குக் காத்தன. நாம் “அழகான பின்னணி” என்று நினைக்கும் அந்தக் கடலில் தன் தாயையோ பிள்ளையையோ இழந்த ஒருவர் உங்கள் விருந்தினர்களில் இருக்கலாம். ஆகவே அந்தக் கரையில் நிற்கும்போது அடக்கம் வேண்டும்.

அதே ஊருக்கு இன்னொரு பழைய நினைவும் உண்டு. 1344இல் இலங்கை வந்த பயணி இப்னு பதூதா காலிக்கும் வந்தார். அங்கே இப்றாஹீம் என்ற ஒரு முஸ்லிம் கப்பல் தலைவர் தன் வீட்டில் அவரை விருந்தினராக ஏற்றுக்கொண்டார் என்று தன் பயணக் குறிப்பில் எழுதுகிறார். அப்போது அங்கே இந்தக் கோட்டை இல்லை. வழிப்போக்கருக்குக் கொடுத்த அந்தச் சாப்பாடு ஏறக்குறைய எழுநூறு வருடங்களாகப் பேசப்படுகிறது. எதை நினைவில் வைக்கிறார்கள் என்று பாருங்கள்.

முதல் சுமை: பெண்ணின் வாப்பாவின் தோளில்

வலீமா மாப்பிள்ளையின் பொறுப்பு. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) திருமணம் முடித்த செய்தி கேட்டதும், ஓர் ஆட்டையாவது அறுத்து வலீமா கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் அவரிடம்தான் சொன்னார்கள். பெண்ணின் தகப்பனிடம் சொல்லவில்லை. ஆனால் நமது சமூகத்தில் நடப்பது என்ன? மாப்பிள்ளை வீட்டார் கடலோர ஹோட்டலை விரும்புவார்கள், செலவு பெண் வீட்டாருக்கு. சீதனம் வேண்டாம் என்று பெருமையாகச் சொன்னவர்களே, “சபை மட்டும் கொஞ்சம் தரமாக இருக்கட்டும்” என்று சொல்லி அதே சுமையை வேறு வாசலால் அனுப்பிவிடுகிறார்கள்.

கணக்குப் பார்ப்போம். ஒரு சாப்பாடு 8,000 ரூபாய் என்று ஹோட்டல் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 பேருக்கு 24 இலட்சம். நீங்கள் அந்தத் தொகையை மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறீர்கள். ஆனால் வழக்கமான 10 சதவீத சேவைக் கட்டணமும், அதற்கு மேல் 18 சதவீத வற் வரியும் சேர்ந்தால் அது 31 இலட்சத்து 15 ஆயிரத்து 200 ஆகிறது. ஏழு இலட்சத்துக்கு மேல் வித்தியாசம்! இன்னும் மேடை, மின்விளக்கு, ஜெனரேட்டர், மழை வந்தால் கூடாரம், படப்பிடிப்பு எதுவும் இதில் இல்லை. இந்த ஏழு இலட்சத்துக்கு ஒரு தகப்பன் எங்கே போவார்? நகையை அடகு வைப்பார், அல்லது வட்டிக்கு எடுப்பார். வட்டியில் தொடங்கும் வாழ்க்கையில் பரகத்தை எப்படி எதிர்பார்ப்பது?

எனவே விதி ஒன்று: இடத்தை விரும்புபவர் எவரோ, செலவை அவரே ஏற்கட்டும். கையில் இருப்பதைக் கொண்டு செய்யட்டும். திருமணங்களில் சிறந்தது இலகுவானது என்ற கருத்தில் அபூதாவூதில் ஹதீஸ் வந்திருக்கிறது. ஸூரதுல் ஃபுர்கானில் அல்லாஹ் தன் நல்லடியார்களை வர்ணிக்கும்போது, அவர்கள் வீண்செலவும் செய்யமாட்டார்கள், கஞ்சத்தனமும் செய்யமாட்டார்கள், இரண்டுக்கும் நடுவில் நிற்பார்கள் என்கிறான். வசதியுள்ளவர் தன் வசதிக்குள் செய்வதை நாம் தடுக்கவில்லை. ஆனால் அவர் செய்த ஒன்று அடுத்த வீட்டுக்காரருக்குக் கட்டாயமாகிவிடும் என்பதையும் அவர் மறக்கக்கூடாது.

இரண்டாவது சுமை: தொழுகையின் மீது

காலியில் ஆண்டு முழுவதும் சூரியன் மறைவது மாலை 6 மணியை ஒட்டியும் 6.30க்கு உள்ளாகவும்தான். படம் எடுப்பவர்கள் மிகவும் விரும்பும் வெளிச்சம் மறைவதற்கு முந்தைய அந்த ஒரு மணி நேரம். அதனால் கடலோரத் திருமணங்களின் நிகழ்ச்சி நிரலை நீங்கள் திருப்பிப் பார்த்தால், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் எல்லாமே குவிந்திருக்கும். பாங்கு சொல்லும் நேரத்தில் மணமக்கள் மதிலின் மேல் நிற்பார்கள். விருந்தினர் கையில் குளிர்பானம் இருக்கும். மஃரிப் மிகக் குறுகிய நேரம் உள்ள தொழுகை. போனால் போனதுதான்.

இதைத் திட்டத்திலேயே சரிசெய்யலாம். நிகாஹை அஸர் தொழுத கையோடு பள்ளிவாசலில் முடித்துவிடுங்கள். கோட்டைக்குள்ளேயே, வெளிச்சவீட்டுக்கு எதிரில், மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல் இருக்கிறது. மரபுரிமைக் கட்டடம் வேண்டும், கடற்காற்று வேண்டும் என்று தேடுகிறவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் எது? படங்கள் எடுப்பதை மறைவுக்குக் கால் மணி நேரம் முன்பே நிறுத்தும்படி எழுத்தில் கொடுங்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே தொழும் இடமும் வுழூ செய்யும் இடமும் இருக்கிறதா என்று இடம் பார்க்கப் போகும் முதல் நாளே கேளுங்கள். காலியிலிருந்து கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்காகச் சாய்ந்திருக்கும். எனவே கோட்டையின் மேற்குப் பக்கத்தில் ஸஃப் கட்டினால் கடலை நோக்கியே நிற்பீர்கள். அந்தக் காட்சியை விட அழகான படம் ஒன்று வேண்டுமா?

மணப்பெண்ணை மறந்துவிடாதீர்கள். பல மணி நேரம் செலவழித்துச் செய்த ஒப்பனையைக் கலைக்க முடியாது என்று அன்று அவளுடைய தொழுகையைத்தான் முதலில் கைவிட வைக்கிறோம். ஒப்பனைக்கு முன் வுழூ செய்து, அது முறியாமல் இருக்கும் வகையில் நேரத்தை அமைக்கலாம். நகப்பூச்சைத் தவிர்க்கலாம். இயலாது என்றால், லுஹருக்குப் பின் பகல் விருந்தாக வலீமாவை வைத்து, அஸருக்குள் முடித்துவிடுவது எல்லோருக்கும் இலகு. செலவும் குறையும்.

மூன்றாவது சுமை: ஏழை விருந்தினர் மீது

செல்வந்தர்கள் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமாவின் உணவே உணவுகளில் மிகக் கெட்டது என்ற கருத்திலான செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. யாரும் வேண்டுமென்றே ஏழையைத் தவிர்ப்பதில்லை. ஆனால் ஒரு சாப்பாட்டின் விலை ஏறும்போது பட்டியல் சுருங்குகிறது. பட்டியல் சுருங்கும்போது யாருடைய பெயர் முதலில் வெட்டப்படுகிறது? தூரத்து உறவுக்காரரான விதவையின் பெயர். கடையில் வேலை செய்யும் பையனின் பெயர். பள்ளிவாசலைக் கூட்டித் துடைக்கும் மனிதரின் பெயர். வியாபாரத் தொடர்புள்ளவரின் பெயர் வெட்டப்படுவதேயில்லை.

அழைத்தாலும் அவர் எப்படி வருவார் என்று யோசியுங்கள். கோட்டைக்குப் பஸ்ஸில் வந்து, இறங்கி, வெயிலில் நடந்து, கண்ணாடிக் கிண்ணங்களுக்கு மத்தியில் கூச்சத்தோடு உட்கார வேண்டும். நமது வழக்கத்தில் ஆறு பேர் ஒரு ஸஹனைச் சுற்றி உட்காரும்போது முதலாளியும் தொழிலாளியும் ஒரே தட்டில் கை வைத்தார்கள். அந்தப் பழக்கத்தை ஹோட்டலிலும் கேட்டுப் பெறலாம். அது முடியாத இடம் என்றால், அந்த இடம் நமக்குரியதா என்று மறுபடி யோசிக்கலாம். தூரத்திலிருந்து வருவோருக்கு வாகனம் ஏற்பாடு செய்வதை, மேடை அலங்காரத்துக்கு முன்னால் எழுதுங்கள்.

முதியவர்களையும் கணக்கில் எடுங்கள். பழைய கட்டடங்களில் படிகள் அதிகம், கல் பதித்த தரை சமமாக இருக்காது. சக்கர நாற்காலியில் வரும் உம்மாவுக்கு வழி இருக்கிறதா? கோட்டை மதிலின் பல இடங்களில் தடுப்பு இல்லை, கீழே பாறையும் கடலும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேரைப் பெயர் சொல்லி நியமித்துவிடுங்கள்.

நான்காவது சுமை: அங்கே வாழ்பவர்கள் மீது

காலிக் கோட்டை அருங்காட்சியகம் அல்ல. அதற்குள் மக்கள் வாழ்கிறார்கள். முஸ்லிம் குடும்பங்கள், சிங்களக் குடும்பங்கள், பாடசாலைப் பிள்ளைகள், நோயாளிகள் இருக்கிறார்கள். தெருக்கள் ஒடுக்கமானவை, வாகனம் நுழைய இரண்டு வாசல்கள்தான். எண்பது வாகனங்கள் ஒரே நேரத்தில் வந்தால், அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர் என்ன செய்வார்? பாதையில் உட்காருவதானால் பாதைக்குரிய உரிமையைக் கொடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, பிறருக்குத் தொல்லை தராமலிருப்பதை அந்த உரிமைகளில் ஒன்றாகக் குறிப்பிட்டார்கள். வாகனங்களை வெளியே நிறுத்தி, உள்ளே நடந்தோ சிறு வாகனத்திலோ வரும்படி அழைப்பிதழிலேயே சொல்லிவிடுங்கள்.

சத்தமும் அப்படியே. 2007இல் இந்நாட்டு உயர் நீதிமன்றம் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது என்று வழிகாட்டியது. அந்த வழக்கே தென்மாகாணத்துப் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கியைப் பற்றியதுதான். சட்டம் வந்து சொல்லும்வரை நாம் காத்திருக்கக் கூடாது. ஸைனப் (ரழி) அவர்களின் வலீமாவில் சிலர் சாப்பிட்ட பின்னும் பேசிக்கொண்டே இருந்தபோது, விருந்து முடிந்தால் கலைந்து செல்லும்படி அல்லாஹ்வே ஸூரதுல் அஹ்ஸாபில் கற்றுத்தந்தான். வீட்டுக்குள் இருந்தவருக்கே அந்த மரியாதை என்றால், பக்கத்து வீட்டில் தூங்குபவருக்கு எவ்வளவு!

ஐந்தாவது சுமை: மதிலின் மீதும் கடலின் மீதும்

பழைய கட்டடம் என்பது வாடகைக்கு எடுத்த ஓர் அமானிதம். நமக்கு முன் அது பலரிடம் இருந்தது, நமக்குப் பின்னும் பலருக்கு வேண்டும். சுவரில் ஆணி அடிக்காதீர்கள். பூச்சின் மீது பசை நாடா ஒட்டாதீர்கள். மதில் பொதுச் சொத்து. அதன் மேல் மேடையோ பந்தலோ போட எண்ணினால் தொல்பொருளியல் திணைக்களத்திடம் எழுத்தில் கேளுங்கள். “யாரும் பார்க்கமாட்டார்கள்” என்று ஒரு முஃமின் சொல்லமாட்டான்.

கோட்டைக்குள் ஒல்லாந்தர் அமைத்த நிலத்தடி வடிகால்கள் கடலோடு தொடர்புள்ளவை. ஆகவே நிலத்தில் விழும் பிளாஸ்டிக் துணுக்குகளும் மினுக்குத் தாள்களும் கடலுக்குப் போகும். பறக்கவிடும் பலூனும் கடலில்தான் விழும். நம் தென்கரையில் கடலாமைகள் முட்டையிடுகின்றன. தண்ணீரில் மிதக்கும் பிளாஸ்டிக்கை அவை இரையென்று விழுங்கிவிடும். பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்றால், தொல்லையைக் கொண்டுபோய்ப் போடுவது எதன் கிளை? சிந்தித்துப் பாருங்கள்.

பருவமும் ஒப்பந்தமும்

தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை காலிக் கடலைக் கொந்தளிக்க வைக்கும். ஒக்டோபர், நவம்பரிலும் மாலை மழை அதிகம். கடல் அமைதியாக இருப்பது டிசம்பரிலிருந்து மார்ச் வரை. ஆனால் இந்த ஆண்டுகளில் றமழானும் அதே மாதங்களுக்குள் வந்துகொண்டிருக்கிறது. 2026இல் பெப்ரவரி நடுவில் தொடங்கியது, வருடத்துக்கு ஏறக்குறைய 11 நாட்கள் முன்னால் நகர்கிறது. எனவே திகதி குறிக்குமுன் பிறைக் கணக்கையும் பாருங்கள். எந்த மாதமானாலும், மழை வந்தால் எல்லோரும் உட்காரக்கூடிய கூரை ஒன்று அதே இடத்தில் இருக்க வேண்டும்.

ஸூரதுல் பகராவின் மிக நீண்ட வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது பற்றியது. ஹோட்டலோடு பேசும் எதையும் எழுத்தில் பெறுங்கள்:

1. வரியும் சேவைக் கட்டணமும் சேர்ந்த மொத்தத் தொகை எவ்வளவு?
2. மழையாலோ வேறு காரணத்தாலோ நிறுத்தினால், முற்பணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?
3. அந்த நேரத்தில் மதுபானம் பரிமாறும் பகுதி மூடப்படுமா? மது பரிமாறப்படும் சபையில் உட்காருவதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள்.
4. சமையலறை ஹலாலா? இல்லையென்றால் வெளியிலிருந்து நமது சமையற்காரரைக் கொண்டுவரலாமா, அதற்குக் கட்டணம் உண்டா?
5. மீதமாகும் உணவை எடுத்துச்சென்று பகிர அனுமதி உண்டா?
6. எத்தனை மணிக்கு முடிக்க வேண்டும்?

ஆறும் எழுதிக் கையொப்பமாகாமல் முற்பணம் கொடுக்காதீர்கள். அதுபோல 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி செய்யும் பதிவையும், வலீ, சாட்சிகள் ஆகியோரின் ஆவணங்களையும் முன்கூட்டியே பதிவாளரோடு பேசித் தயார்படுத்துங்கள். பூக்கடைக்கு ஐந்து முறை போகும் நாம் பதிவாளரைக் கடைசி நாளில்தான் தேடுகிறோம்.

உட்கார்ந்து பேசுங்கள்

அன்புள்ள வாலிபர்களே! உங்கள் ஆசை நியாயமானது. ஆனால் முற்பணம் கட்டுமுன் ஒருநாள் இரு வீட்டாரும் ஒன்றாக உட்காருங்கள். ஒரு தாளில் ஐந்து வரிகள் எழுதுங்கள்: தகப்பன், தொழுகை, ஏழை, அயலவர், இடம். ஒவ்வொன்றுக்கும் எதிரே, நம் திட்டத்தால் அவருக்கு வரும் சுமை என்ன என்று எழுதுங்கள். ஐந்தும் இலகுவாக இருந்தால் பிஸ்மில்லாஹ் சொல்லி முன்னேறுங்கள், கடலைப் பார்த்தே வலீமா கொடுங்கள். ஒன்றாவது பாரமாக இருந்தால் ஆட்களைக் கூட்டி அலங்காரத்தைக் குறையுங்கள், இரவைப் பகலாக்குங்கள், அல்லது இடத்தை மாற்றுங்கள். மஹராக ஓர் இரும்பு மோதிரமாவது கிடைக்குமா என்று தேடச் சொன்ன நபியின் உம்மத் நாம். இடம் மாறியதால் நம் நிகாஹ் சிறியதாகிவிடாது.

பெற்றோர்களே! உங்கள் மகன் பெண் வீட்டாரிடம் ஒன்றும் கேட்கவில்லை என்றால், நீங்களும் கேட்காதீர்கள். உங்கள் மகள் எளிமையாகப் போதும் என்றால், “ஊர் என்ன சொல்லும்” என்று அவளை மறுக்காதீர்கள். ஊர் ஒரு வாரம் பேசும். கடனை நீங்கள் பல வருடம் கட்டுவீர்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் திருமணங்களை இலகுவாக்குவாயாக. கடனிலிருந்தும் வட்டியிலிருந்தும் பெருமையிலிருந்தும் எங்கள் வீடுகளைக் காப்பாயாக. செலவுக்குப் பயந்து திருமணம் தள்ளிப்போய்க் காத்திருக்கும் எங்கள் பெண்பிள்ளைகளுக்கு நல்ல துணையைத் தருவாயாக. கடலில் நாங்கள் இழந்தவர்களை உன் அருளில் சேர்ப்பாயாக. எங்கள் விருந்துகளில் ஏழைக்கு முதல் இடம் கொடுக்கும் மனதை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.